இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆள் நடமாட்டம் நிற்காத பாலங்கள்

1992 செப்டம்பர் 22. தென் பிரான்சில் வேசோன்-லா-ரொமேன் என்ற சிறிய ஊர். பிடித்த மழை விடவில்லை. ஊரைப் பிரித்துக்கொண்டு ஓடும் ஊவேஸ் ஆறு மற்ற நாட்களில் சாதுவான சிற்றாறு. அன்று சில மணி நேரத்துக்குள் சேற்று நிறத்தில் சுவர் போல எழுந்து வந்தது. கரையோரம் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தவர்களின் வண்டிகள், வேரோடு பிடுங்கிய மரங்கள், வீட்டுச் சாமான்கள் எல்லாம் மிதந்து வந்து ஊர்ப் பாலத்தில் மோதின. கடைசியில் தண்ணீர் பாலத்துக்கு மேலேயே ஏறி ஓடியது. அந்த ஊரில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

வெள்ளம் வடிந்ததும் பார்த்தால், பாலத்தின் கைப்பிடிச் சுவர் பெயர்ந்து போயிருந்தது. வளைவு அப்படியே நின்றது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே தாவல், ஏறக்குறைய 17 மீட்டர். கட்டியவர்கள் ரோமானியர்கள், கி.பி. முதல் நூற்றாண்டில். கைப்பிடிச் சுவரைத் திரும்பக் கட்டினார்கள். கீழூரிலிருந்து குன்றின் மேலிருக்கும் பழைய ஊருக்குப் போகிறவர்கள் இன்றும் அந்தப் பாலத்தின் மேல்தான் போகிறார்கள்.

இந்த மாதிரிக் கதையைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "அந்தக் காலத்துக் கட்டுமானம்ங்க, இப்போ யார் அப்படிக் கட்டுறாங்க?" ரோமானியரிடம் ஏதோ ரகசியக் கலவை இருந்தது, அது நம் காலத்தில் தொலைந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியும் கூடவே வரும். எனக்கு அந்தப் பதிலில் பாதிதான் சம்மதம். நன்றாகக் கட்டினார்கள் என்பது சரி. ஆனால் நன்றாகக் கட்டிய எத்தனையோ பாலங்கள் போய்விட்டன. இருக்கிற பாலங்களின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால், அவற்றில் பலவும் ஒரு தடவையாவது உடைந்தவை. உடைந்ததும் யாராவது வந்து சரி செய்திருக்கிறார்கள். ஏன் என்றால், ஆற்றைக் கடக்க வேண்டிய தேவை அங்கே ஒரு நாளும் தீரவில்லை.

கனமே காவல்

முதலில் வளைவு எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடலாம். கல்லை அழுத்தினால் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், இழுத்தால் பொறுக்காது. இரண்டு தூண்களுக்கு மேல் ஒரு நீளக் கல்லை உத்தரம் போலப் போட்டால், அதன் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும். அதனால் கல் உத்தரத்தை வைத்துச் சில மீட்டருக்கு மேல் தாண்ட முடியாது. ஆப்பு வடிவத்தில் செதுக்கிய கற்களை அரைவட்டமாக அடுக்கினால் கதை மாறுகிறது. ஒவ்வொரு கல்லும் விழப் பார்க்கும், பக்கத்துக் கல் விடாது. அந்த நெருக்கல் கல்லுக்குக் கல் கைமாறி, தூணுக்கும் கரைக்கும் போய்ச் சேரும். எந்தக் கல்லுக்கும் இழுபடும் வேலை கிடையாது. வளைவை ரோமானியர் கண்டுபிடிக்கவில்லை, மெசொப்பொத்தேமியாவில் அது அதற்கு வெகு முன்பே இருந்தது. ஆனால் அதைத் துணிந்து பெரிய ஆறுகளின் மேல் வரிசையாகப் போட்டவர்கள் அவர்கள்.

கடைசி உச்சிக்கல் இறங்கும் வரை வளைவு தானாக நிற்காது. அதுவரை அடியில் மரச் சட்டம் கட்டித் தாங்க வேண்டும். வளைவுக்கு அடியில் கட்டும் இந்த மரச் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் இருந்த பெயர்தான் 'சென்டரிங்'. நம் ஊரில் மொட்டைமாடித் தளம் ஒட்டுவதற்கு முன்னால் "சென்டரிங் அடிச்சாச்சா?" என்று மேஸ்திரி கேட்கிறாரே, அதே சொல். தளத்தில் வளைவே கிடையாது, சொல் மட்டும் வளைவுக் காலத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

இப்போது கனத்துக்கு வருவோம். மாட்டு வண்டிக்காகவும் படைவீரர்களின் நடைக்காகவும் கட்டிய பாலம் எப்படி காரையும் வேனையும் தாங்குகிறது என்று பலரும் வியக்கிறார்கள். கணக்கு ஒன்றும் பெரிதில்லை. ஒரு கன மீட்டர் கருங்கல் சுமார் 2.7 டன். ஒரு சாதாரண கார் அதில் பாதி. அதாவது பாலத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான கற்களில் ஒரே ஒரு கல்லை விட அதன் மேல் ஓடும் கார் இலேசு. பாலம் இரவும் பகலும் சுமந்துகொண்டிருப்பது தன்னைத்தான். மேலே போகிறவர்கள் அதற்குப் பொருட்டே இல்லை. இன்னொன்று: அந்தச் சொந்தக் கனம்தான் கற்களை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. வளைவின் மேலிருந்து பாரத்தைக் குறைத்தால் அது பலம் இழக்கும்.

இன்றைய கான்கிரீட் பாலம் இந்த வகை இல்லை. அதற்குள் எஃகுக் கம்பி இருக்கிறது. இழுவிசையைத் தாங்குவது கம்பியின் வேலை. அதனால்தான் மெல்லிய பாலங்கள் நீளமாகத் தாண்ட முடிகிறது. ஆனால் வெடிப்பு வழியாக நீரும் உப்பும் உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பிளக்கும். இத்தாலியின் ஜெனோவா நகரில் 1967இல் திறந்த மொராந்தி பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்து 43 பேர் இறந்தார்கள். பாலத்துக்கு அப்போது வயது 51. அந்த விபத்துக்குப் பிறகு ரோமானியப் பாலங்களையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேலிப் படங்கள் நிறைய வந்தன. எனக்கு அது நியாயமான ஒப்பீடாகத் தெரியவில்லை. மொராந்தி பாலத்தின் பெரிய தாவல்கள் 200 மீட்டருக்கு மேல். ரோமானியக் கல் வளைவுகளில் மிகப் பெரியவையே 35 மீட்டரை ஒட்டித்தான் நிற்கின்றன. கம்பி இல்லாததால் துரு இல்லை, உண்மைதான். கம்பி இல்லாததால் 200 மீட்டரும் இல்லை.

அந்தக் கலவை

ரகசியக் கலவை விஷயத்தைப் பேசாமல் போக முடியாது. நேப்பிள்ஸ் நகருக்குப் பக்கத்தில் பொட்ஸுவோலி என்ற ஊர். அங்கே கிடைக்கும் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால், அந்தக் காரை தண்ணீருக்கு அடியிலேயே இறுகிவிடும். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதை விவரித்து எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயரிலிருந்துதான் 'பொஸ்ஸோலானா' என்ற சொல் வந்தது. சிமெண்ட் கடையில் "பிபிசி" என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் விரிவு போர்ட்லாண்ட் பொஸ்ஸோலானா சிமெண்ட். இப்போது அதில் சேர்ப்பது பெரும்பாலும் அனல் மின் நிலையத்தின் உலர் சாம்பல். தொலைந்துபோன ரகசியம் என்று சொல்லப்படுவது மூட்டை மூட்டையாக விற்கிறது.

2023இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் ஒரு புது விவரம் சேர்த்தார்கள். ரோமானியக் காரையில் ஆங்காங்கே தெரியும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் சரியாகக் கலக்காததால் வந்த குறை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். சுடுசுண்ணாம்பைச் சூடாகவே கலந்ததால் உண்டானவை அவை. வெடிப்பில் தண்ணீர் இறங்கினால் அந்தக் கட்டி கரைந்து வெடிப்பைத் தானே அடைக்கும் என்று அவர்கள் காட்டினார்கள். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அவர்கள் சோதித்தது ஒரு பழைய நகரத்தின் மதில் சுவர்த் துண்டை. இன்றும் நிற்கும் பாலங்களில் காரை உள்ளே நிரப்பாகவும் அடித்தளத்திலும் வேலை செய்கிறது. பாரம் தாங்கும் வளைவு பெரும்பாலும் செதுக்கிய கல்தான். அவற்றில் மிகப் பிரமாண்டமான ஸ்பெயின் நாட்டு அல்காந்தரா பாலத்தைச் சாந்தே வைக்காமல் கல்லோடு கல் பொருத்திக் கட்டினார்கள். கலவை என்று ஒன்று இல்லாத இடத்தில் கலவையின் ரகசியத்தைத் தேடி என்ன பயன்?

தண்ணீர் செய்யும் வேலை

பாலத்தைக் கொல்வது மேலே போகும் வண்டி அல்ல. கீழே ஓடும் தண்ணீர்தான். அதுவும் மோதித் தள்ளுவதை விட, தூணின் அடி மண்ணைச் சுழித்துச் சுழித்துத் தோண்டிக்கொண்டு போவதுதான் பெரிய ஆபத்து. ஒரு நாள் தூண் ஒரு பக்கம் அமுங்கும், வளைவு திறக்கும், அவ்வளவுதான். வேசோன் பாலம் பிழைத்ததன் காரணம் இங்கே இருக்கிறது: ஆற்றுக்குள் அதற்குக் காலே கிடையாது. இரண்டு பக்கமும் பாறை. ஆறு ஒடுங்கும் இடமாகப் பார்த்துப் பாறையில் காலூன்றித் தாவிவிட்டார்கள்.

அகலமான ஆற்றில் அந்த வசதி இல்லை. அங்கே நடு ஆற்றில் மரக் கம்பங்களை இரட்டை வரிசையாக அடித்து, இடையில் களிமண்ணைத் திணித்து, ஒரு வேலி போட்டுத் தண்ணீரை வெளியே இறைத்தார்கள். உள்ளே தரை தெரிந்ததும் கெட்டி மண் வரும் வரை தோண்டினார்கள். கெட்டி மண் கிடைக்காவிட்டால் மரக் கழிகளை நெருக்கமாக அடித்து இறக்கி அதன் மேல் தூணை எழுப்பினார்கள். எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கும் மரம் எளிதில் மக்காது, காற்றுப் படாததால். ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வந்தால்தான் உளுத்துப் போகும்.

ரோமானியத் தூண்களின் பருமனைப் பார்த்தால் கொஞ்சம் அதிகம் என்றுதான் தோன்றும். வளைவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கூட வரும். இதில் ஒரு தீமை உண்டு: ஆற்றின் வழியை அடைத்துக்கொள்ளும், இடுக்கில் நீரோட்டம் வேகமெடுக்கும், அரிப்பு கூடும். அது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. ரோமில் டைபர் ஆற்றின் மேலிருக்கும் ஃபாப்ரிசியோ பாலத்தின் நடுத் தூணில், இரண்டு பெரிய வளைவுகளுக்கு இடையே ஜன்னல் மாதிரி ஒரு சிறு வளைவு திறந்திருக்கிறது. வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்தால் அதன் வழியாகவும் தண்ணீர் போகட்டும் என்று. தென் பிரான்சின் ஜூலியன் பாலத்தின் தூண்களிலும் இதே ஏற்பாடு. இத்தாலியின் ரிமினி நகரத்தில் திபேரியஸ் பாலத்தில் இன்னொரு நுட்பம்: சாலை நேராகப் போகிறது, ஆறு கோணலாக வருகிறது, தூண்களைச் சாலைக்குச் செங்குத்தாக வைக்காமல் நீரோட்டத்தின் திசைக்கு ஏற்பச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 14இல் ஆரம்பித்து, அடுத்த பேரரசர் திபேரியஸ் 21இல் முடித்த பாலம் அது. இரண்டாம் உலகப் போரில் பின்வாங்கிய ஜெர்மன் படை அதைத் தகர்க்கப் பார்த்தும் முடியவில்லை.

பருமனான தூணில் ஒரு பெரிய நன்மையும் இருக்கிறது. யாரும் அதை நினைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன், ஆனால் பாலங்களின் ஆயுளை நீட்டியதில் அதற்குத்தான் முதல் பங்கு. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் பெரோனே, தூண்களை மெலிய வைத்து அழகான பாலங்கள் கட்டினார். பக்கத்து வளைவுகள் ஒன்றை ஒன்று தள்ளிச் சமன் செய்துகொள்ளும், நெருக்கல் முழுவதும் இரண்டு கரைக்கும் போய்ச் சேரும் என்ற கணக்கு. சரியான கணக்குதான். ஆனால் அதில் ஒரு வளைவு போனால் சீட்டுக்கட்டு சரிவது போல எல்லாமே போகும். ரோமானியத் தூண் அப்படியில்லை, பக்கத்து வளைவு இல்லாமலே தனியாக நிற்கும். ஒரு வளைவை வெடி வைத்துத் தகர்த்தால் அந்த ஒன்று மட்டும்தான் போகும். மிச்சம் அடுத்த தலைமுறைக்காகக் காத்திருக்கும்.

அல்காந்தராவின் கதை

இதற்கு அல்காந்தராவை விட நல்ல சாட்சி கிடையாது. ஸ்பெயினும் போர்த்துகலும் தொடும் எல்லைக்குப் பக்கத்தில், தாஹோ ஆற்றின் ஆழமான பள்ளத்தாக்கின் குறுக்கே, பேரரசர் டிராஜன் காலத்தில் கி.பி. 104 முதல் 106 வரை கட்டியது. ஆறு வளைவுகள். நடு வளைவுகள் இரண்டும் 27, 28 மீட்டர் அகலம். நீளம் 200 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆற்றிலிருந்து சாலை ஏறக்குறைய 45 மீட்டர் உயரத்தில் போகிறது. நடுவில் ஒரு வெற்றி வளைவு. கரையில் சிறு கோயில் ஒன்று, அதில் கட்டியவரின் பெயர்: காயஸ் ஜூலியஸ் லாசர். உலகம் உள்ளளவும் நிலைத்திருக்கும் பாலம் என்று அவர் கல்வெட்டில் எழுதி வைத்தார். அந்தத் தன்னம்பிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவருக்கு அடுத்து வந்தவர்கள் அந்த வாக்கைக் காப்பாற்ற என்ன பாடு பட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

1214இல் போரின் போது ஒரு சிறிய வளைவை இடித்தார்கள். அது ஒழுங்காகச் சரியானது 1543இல், ஸ்பெயினை ஆண்ட ஐந்தாம் சார்லஸ் காலத்தில். நடுவில் முந்நூறு ஆண்டுக்கு மேல். 18ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்துவிடக் கூடாது என்று ஸ்பானியர்களே இன்னொரு வளைவை உடைத்தார்கள், பிறகு ஸ்பெயின் மன்னர் மூன்றாம் சார்லஸ் சரி செய்தார். 1809இல் பிரெஞ்சுப் படையைத் தடுக்க பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தரப்பினர் வெடி வைத்தார்கள். மூன்று வருடம் கழித்து அதே தரப்புக்கு அதே பாலம் தேவைப்பட்டது. கல் வேலைக்கு நேரமில்லை. ஸ்டர்ஜன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் கனத்த கயிறுகளை இழுத்துக் கட்டி, வலை போலப் பின்னி, அதன் மேல் பலகை விரித்து உடைந்த இடைவெளியைத் தாண்ட வைத்தார். வேண்டாதபோது சுருட்டி எடுத்துவிடலாம். அப்புறம் 1836இல் ஸ்பெயினின் வாரிசுப் போரில் மறுபடி சேதம். 1860இல் முழுதாகப் பழுதுபார்த்தார்கள், இந்த முறை சாந்து வைத்து. 1969இல் ஆற்றில் சற்று மேலே பெரிய அணை வந்தபோது ஆற்றுத் தரை வற்றியதைப் பயன்படுத்தித் தூண்களின் அடிப்பகுதியைச் சீர் செய்தார்கள்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனிக்கலாம். வெள்ளத்தால் உடைந்த தடவை ஒன்று கூட இல்லை. எல்லாம் மனிதர் கைவேலை. உடைத்ததற்குக் காரணமும் கட்டியதற்குக் காரணமும் ஒன்றேதான்: அந்தப் பள்ளத்தாக்கைக் கடக்க நல்ல வழி அது. யாருக்கும் வேண்டாத பாலமாக இருந்திருந்தால் வெடி வைக்க யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள், சரி செய்யவும் வந்திருக்க மாட்டார்கள்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன். அரபி மொழியில் அல்-கந்தரா என்றால் 'பாலம்'. ரோமானியர் போய், அரபியர் வந்து, ஊருக்கே பாலம் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். எனவே அல்காந்தரா பாலம் என்று நாம் சொல்வது 'பாலம் பாலம்'.

எது ரோமானியப் பாலம்?

ஜெர்மனியின் ட்ரியர் நகரில் மோசல் ஆற்றின் மேல் இருக்கும் பாலத்தை அந்த நாட்டின் மிகப் பழைய பாலம் என்கிறார்கள். அதன் மேல் கார் ஓடுகிறது. ஆனால் ரோமானியர் கட்டியது தூண்களை மட்டும்தான், கருத்த பாசால்ட் கல்லில். ஆற்றில் கிடைத்த மரத்தின் வளையங்களை எண்ணி, முதல் மரப் பாலம் கி.மு. 18-17ஐ ஒட்டியது என்றும், இப்போதுள்ள தூண்கள் கி.பி. 144 முதல் 152 வரை எழுந்தவை என்றும் கணித்திருக்கிறார்கள். தூண் மேல் அன்று இருந்தது கல் வளைவு கூட இல்லை, மரத்தளம். கல் வளைவு இடைக்காலத்தில் வந்தது. 1689இல் பிரெஞ்சுப் படை அதைத் தகர்த்தது. இன்று நாம் பார்க்கும் மேல்பகுதி 1716-18 காலத்தது. 1945 மார்ச் தொடக்கத்தில் அமெரிக்கப் படை வந்தபோது இந்தப் பாலத்தைத் தகர்ப்பதற்கு முன்பே கைப்பற்றிவிட்டதால் அந்த அடுக்கும் தப்பியது.

அப்படியானால் இதை ரோமானியப் பாலம் என்று சொல்லலாமா? என் கருத்தில் தாராளமாகச் சொல்லலாம். மேல்தளம் தேய்வதும் மாற்றப்படுவதும் எந்தப் பாலத்துக்கும் உள்ள விதி. கடினமான வேலை ஆற்றுக்குள் காலூன்றுவது. அதை ஒரு தடவை யாரோ ஒழுங்காகச் செய்துவிட்டதால், பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அந்தக் காலின் மேலேயே தங்கள் காலத்துப் பாலத்தைப் போட்டுக்கொண்டார்கள். ஸ்பெயினின் கோர்தோபா பாலம் போல ஒன்றிரண்டு வளைவு மட்டும் பழையதாக மிஞ்சியவற்றைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். இத்தாலியின் வெரோனாவில் கல்பாலத்தை 1945 ஏப்ரலில் ஜெர்மன் படை தகர்த்துவிட்டுப் போனது. ஊர்க்காரர்கள் அதிஜே ஆற்றுக்குள் விழுந்த கற்களையே தேடி எடுத்து 1950களின் இறுதியில் திரும்ப அடுக்கினார்கள். அதே கல், அதே இடம், வேறு கொத்தனார்.

பழுது பார்க்க ஆள் வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ரோமிலேயே உதாரணம் நிற்கிறது. கி.மு. 179இல் தூண்களும் 142இல் வளைவுகளும் எழுந்த எமிலியஸ் பாலம், டைபர் ஆற்றின் மேல் வந்த முதல் கல் பாலம். ஆறு வளையும் மோசமான இடத்தில் அமைந்ததால் வெள்ளம் அதை அடிக்கடி பதம் பார்த்தது. 1557இல் உடைந்தது, 1575இல் கட்டினார்கள், 1598இல் பாதிப் பாலம் அடித்துக்கொண்டு போனது. போதும் என்று விட்டுவிட்டார்கள். இன்று நட்டாற்றில் ஒற்றை வளைவு மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. ரோம் மக்கள் அதை 'உடைந்த பாலம்' என்கிறார்கள்.

இன்னொன்றும் கணக்கில் வர வேண்டும். ஆய்வாளர்கள் தொகுத்த பட்டியல்களில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ரோமானியப் பாலங்கள் வருகின்றன. அவற்றில் மிகப் பல வெறும் எச்சங்கள், ஒரு தூண், ஒரு அடித்தளம். மரத்தில் கட்டியவை இன்னும் எத்தனையோ, தடமே இல்லை. டிராஜனுக்காக டமாஸ்கஸ் நகரத்து அப்பல்லோடோரஸ் டான்யூப் ஆற்றின் மேல் கட்டிய ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான பாலம், கல் தூணும் மர வளைவுமாக அந்தக் காலத்து அதிசயம். எதிரிகள் அந்த வழியாக வந்துவிடுவார்கள் என்று பயந்து அடுத்த பேரரசர் ஹேட்ரியனே மேல்தளத்தைக் கழற்றிவிட்டார். நிற்கிறவற்றை மட்டும் பார்த்துவிட்டு "ரோமானியர் கட்டியது எல்லாம் நின்றது" என்று சொல்வது, தேர்வில் தேறியவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தி வைத்து வகுப்பையே மெச்சுவது போல.

காசு யார் கொடுத்தது?

பேரரசர் பெயர் பெரிதாகப் பொறித்திருக்கும். காசு கொடுத்தது பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்கள். அல்காந்தராவுக்குப் பணம் போட்ட ஊர்களின் பெயர்கள் கல்வெட்டில் வரிசையாக இருந்தன. போர்த்துகலின் ஷாவெஸ் நகரத்தில் தாமெகா ஆற்றின் பாலத்தில் பத்துக் குடிகளின் பெயர் பொறித்த கல்தூண் இருக்கிறது. கோயில் திருப்பணிக்கு உபயதாரர் பெயர் எழுதுவது போலத்தான்.

துருக்கியின் தென்கிழக்கில் காஹ்தா ஊருக்கு அருகே ஜெந்தெரே ஓடையின் மேல் ஒற்றை வளைவில் 34 மீட்டர் தாவும் பாலத்தையும் அந்தப் பகுதியின் நான்கு நகரங்கள் சேர்ந்துதான் கட்டின, கி.பி. 200ஐ ஒட்டி. அதன் இரு முனைகளிலும் நான்கு தூண்கள் இருந்தன: பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ், மனைவி ஜூலியா டோம்னா, மகன்கள் கரகல்லா, கெத்தா ஆகியோருக்கு ஒவ்வொன்று. இன்று மூன்றுதான் நிற்கின்றன. 211இல் அப்பா இறந்ததும் கரகல்லா தம்பியைக் கொன்றான். அதோடு விடாமல், பேரரசு முழுவதும் தம்பியின் பெயரையும் உருவத்தையும் அழிக்கச் சொன்னான். அந்த ஆணை மலைக்காட்டில் இருந்த ஓடைப் பாலம் வரை வந்து ஒரு தூணை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. மற்ற மூன்றுக்கு இடையே அந்த வெற்றிடம் இன்னும் தெரிகிறது.

வண்டிகள் இறங்கிப்போகும் காலம்

'பயன்பாட்டில் உள்ள' என்ற சொல்லின் பொருள் கடந்த முப்பது ஆண்டுகளில் வேகமாக மாறியிருக்கிறது. ஸ்பெயினின் மெரிதா நகரில் குவாதியானா ஆற்றின் மேல் அறுபது வளைவுகளோடு கிட்டத்தட்ட 800 மீட்டர் ஓடும் பாலத்தில் 1991 வரை வண்டிகள் போயின. பக்கத்தில் கலத்ராவா வடிவமைத்த புதுப் பாலம் வந்ததும் பழையதை நடப்பவர்களுக்கு விட்டுவிட்டார்கள். கி.மு. 3இல் கட்டிய ஜூலியன் பாலத்தில் 2005 வரை கார் ஓடியது. துருக்கியின் அதனா நகரப் பாலத்தில் 2007 வரை. ரிமினி பாலத்திலும் அண்மையில்தான் மோட்டார் வண்டிகள் நின்றன. ட்ரியர் பாலம் இன்னும் வண்டிகளைச் சுமக்கிறது.

வண்டியை நிறுத்தக் காரணம் பாரம் தாங்காது என்பது மட்டும் அல்ல. மேலே சொன்ன கணக்குப்படி காரின் கனம் ஒரு பொருட்டில்லை. கனரக லாரி, ஓயாத அதிர்வு, புகை, தார் போட்ட தளத்துக்கு அடியில் தேங்கும் நீர், கைப்பிடிச் சுவரில் உரசும் பேருந்து எல்லாம் சேர்ந்தால்தான் தொல்லை. இரண்டு மாட்டு வண்டி விலகிப் போகும் அகலத்தில் இரு வழிப் போக்குவரத்தை நடத்துவதும் எளிதல்ல. எனவே புதுப் பாலம் கட்டிவிட்டுப் பழையதுக்கு ஓய்வு கொடுப்பது நியாயமான முடிவுதான். ஆனாலும் எனக்கு ஒரு சின்ன உறுத்தல். இத்தனை நூற்றாண்டுகள் இவற்றைப் பழுது பார்க்க வைத்தது தேவை. இனிமேல் அந்த வேலையைப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டமும் சுற்றுலாப் பணமும் செய்ய வேண்டும். போரின் நடுவில் கயிறு இழுத்தாவது பாலத்தை ஒட்ட வைத்த அவசரம் அந்தப் பட்டத்துக்கு வருமா என்று தெரியவில்லை.

ஃபாப்ரிசியோ பாலத்துக்கு அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை. கி.மு. 62இல் சாலைகளின் பொறுப்பாளராக இருந்த லூசியஸ் ஃபாப்ரிசியஸ் கட்டியது. கட்டவைத்ததும் தானே, சரிபார்த்து ஒப்புக்கொண்டதும் தானே என்று வளைவுகளின் மேல் நான்கு இடத்தில் பெரிய எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார். ரோமில் அதன் பழைய உருவம் கலையாமல் மிஞ்சிய பாலம் அதுதான். நகரத்தின் பழைய பகுதியையும் டைபர் ஆற்றின் நடுவே இருக்கும் சிறு தீவையும் அது இணைக்கிறது. தீவில் முன்பு மருத்துவக் கடவுளின் கோயில் இருந்தது. இப்போது 16ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்துவரும் ஒரு மருத்துவமனை இருக்கிறது, பிரசவத்துக்குப் பெயர் போனது. அங்கே குழந்தை பார்க்கப் போகிறவர்கள் பூங்கொத்தோடும் துணிப் பையோடும் ஃபாப்ரிசியஸ் சரிபார்த்துவிட்டுப் போன வளைவுகளைத் தாண்டித்தான் போகிறார்கள்.